கே.கே. ரோட்டில் வந்த டிராகுலா

இந்த வாரம் ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவு. சனிக்கிழமை காலையில் நிம்மதியாக நடக்கப் போனேன். எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு கராஜ் சேல். நியூஜெர்சிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கராஜ் சேல் வியாதி உண்டு. பழைய ஸ்க்ரூடிரைவர் செட் தேடிப் போனவன், ஒரு அட்டைப்பெட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டி முழுக்க 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லாண்ட்'. பேய்ப்படங்களுக்கென்றே வந்த பத்திரிகை. ஒவ்வொரு இதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட நம் வீட்டில் இப்படி வைத்திருக்க மாட்டார்கள். எழுபது வயது தாண்டிய பெரியவர், பத்து வயதிலிருந்து சேர்த்ததாம். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகிறார், அதனால் விற்கிறார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "உங்கள் ஊரில் இந்த மாதிரி உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு இதழை வாங்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியிலேயே அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது. கொசுவத்தி கொஞ்சம் நீளமாகச் சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் அவருடைய பத்திரிகையின் கதை. 1957-இல் அமெரிக்க டிவி நிலையங்களுக்கு 'ஷாக்' என்ற பெயரில் 52 பழைய படங்களை ஒரே கட்டாக விற்றார்கள். எல்லாம் யுனிவர்சல் கம்பெனியின் திகில், மர்மப் படங்கள். 1931-இல் வந்த டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் இப்படித்தான் கால் நூற்றாண்டு கழித்து வீட்டுக் கூடத்துக்குள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தச் சூட்டில் 1958 பிப்ரவரியில் ஜேம்ஸ் வாரன் என்ற பதிப்பாளரும் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன் என்ற ஆசிரியரும் சேர்ந்து இந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு இதழோடு முடித்துக்கொள்வதாகத்தான் திட்டம். விற்ற விற்பனையில் அது 1983 வரை 191 இதழ்கள் ஓடியது. ஸ்பீல்பெர்க் முதல் ஸ்டீபன் கிங் வரை பலர் அதைப் படித்து வளர்ந்தவர்கள்.

இப்போது நம்ம ஊர்.

நான் பிறந்தது வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரித்தபோது, தமிழர்கள் நிறைய இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவிலேயே நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் வந்தபோது அதற்குள் போயின. நாங்கள் வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், மஸ்டரில் இரண்டும் கலந்த ஒரு பாஷை. பேய் விஷயத்திலும் அப்படித்தான். கிழக்கே கம்பம் பக்கத்து முனியும் எங்களைப் பிடிக்கலாம், மேற்கே கோட்டயம் பக்கத்து யட்சியும் பிடிக்கலாம். இரட்டை ஆபத்து!

எங்கள் ஊர் கே.கே. ரோட்டில் இருக்கிறது. கோட்டயம் - குமுளி ரோடு என்பதன் சுருக்கம். அந்த ரோட்டில் மேற்கிலிருந்து வந்த பஸ்ஸில்தான் மலையாள வாரப் பத்திரிகைக் கட்டுகள் வரும். மனோரமா வாரப் பத்திரிகை, 1969-இல் தொடங்கிய மங்களம். இவற்றைப் படித்தவர்கள் 'பைங்கிளி' என்று கிண்டல் செய்வார்கள். முட்டத்து வர்க்கி 1950-களில் எழுதிய ஒரு நாவலின் தலைப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம் அது. கிண்டல் ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம். 1980-களின் நடுவில் மங்களம் மட்டும் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது.

அந்தப் பத்திரிகைகளின் பேய் ராஜா கோட்டயம் புஷ்பநாத். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். 'சுவந்ந மனுஷ்யன்' என்ற தொடரில் ஆரம்பித்து முன்னூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். துப்பறிய மார்க்சின், புஷ்பராஜ் என்று இரண்டு பேரை வைத்திருந்தார். கார்பேத்தியன் மலையை, அதன் கணவாயை, பனியை, குதிரை வண்டியை அவர் எழுதினால் குமுளி மலைப்பாதையில் இரவு கடைசி பஸ்ஸில் போவது மாதிரியே இருக்கும். 2018 மே மாதம் காலமானார்.

எனக்கு அப்போது மலையாளம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கோட்டயத்துக்காரச் சேச்சி ஒருவர் நர்ஸாக இருந்தார். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் மருந்து வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து வாரத் தொடரைத் தமிழும் மலையாளமுமாகச் சொல்வார். 'தொடரும்' போடும் இடம் வந்ததும், "இனி அடுத்தாழ்ச்ச, போடா மோனே" என்று விரட்டிவிடுவார். டிராகுலா எனக்கு அறிமுகமானது ஒரு மலையாளி நர்ஸ் குரலில்தான். ஊசி பயமும் ரத்தக் காட்டேரி பயமும் ஒரே இடத்தில் கிடைத்தன :-)

கிழக்கிலிருந்து வந்தது சிவகாசிச் சரக்கு. 1972-இல் முத்து காமிக்ஸ், 1984-இல் லயன் காமிக்ஸ் என்று கலக்கியவர்கள், 1986-இல் 'திகில் காமிக்ஸ்' என்றே ஒன்றைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் படக்கதைகளைத் தமிழாக்கிப் போடுவார்கள். அதில் வந்த 'கறுப்புக் கிழவி' கதைகளைப் படித்துவிட்டு ராத்திரி வெளியே போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் சிலர் இருப்பீர்கள். சம்பள நாளன்று அப்பா மளிகைக்குக் கம்பம் போனால், பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு இதழ் வாங்கி வருவார். அவருக்கு எழுத்து வாசனை குறைவு. அட்டையில் மண்டையோடு இருந்தால் அதுதான் நான் கேட்டது என்று அவருக்கு அடையாளம்.

படங்களும் இப்படித்தான் மலை ஏறி இறங்கின. 1963-இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டே மலையாளத்தில் பஷீரின் கதையை 'பார்கவி நிலையம்' என்று இயக்கினார். இந்தப் பக்கம் பூர்வஜென்மம், அந்தப் பக்கம் பாழடைந்த வீட்டுப் பெண் ஆவி. 'யட்சி' நாவலை 1967-இல் எழுதிய மலையாற்றூர் ராமகிருஷ்ணன், பாலக்காடு கல்பாத்தியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அதை மறு ஆண்டே படமாக்கிய கே.எஸ். சேதுமாதவனும் பாலக்காட்டுக்காரர். முகம் வெந்துபோன ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார், தன் மனைவி யட்சியோ என்று சந்தேகப்படும் கதை. பிறகு நடிகை ஷீலா இயக்கிய 'யட்சகானம்' (1976) தமிழில் 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) ஆனது. 'லிசா' எடுத்த பேபி என்ற இயக்குநர் தமிழுக்கு வந்து 'மை டியர் லிசா', '13-ஆம் நம்பர் வீடு' எடுத்தார். 1993-இன் 'மணிச்சித்ரதாழ்' கன்னடம் வழியாகச் சுற்றி 2005-இல் 'சந்திரமுகி' ஆனது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956-இல் எல்லைக்கோடு போட்டவர்கள் பேய்க்குப் போட மறந்துவிட்டார்கள்.

ஆனால் இந்தப் படங்களில் முக்கால்வாசியை நான் அப்போது பார்க்கவே இல்லை. தியேட்டர் தூரம், காசு இல்லை, பல படங்களுக்கு 'ஏ' சர்ட்டிபிகேட் வேறு. பார்க்காத படத்துக்குத்தான் பைத்தியம் அதிகம். டீக்கடையில் பழசான தினத்தந்தியிலிருந்து பேய்ப்பட விளம்பரங்களை வெட்டுவேன். நானா, பொம்மை, பேசும் படம் எது கிடைத்தாலும் அதில் வெள்ளைப் புடவை ஸ்டில் இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் ஆபீஸில் தூக்கிப்போட்ட ஒரு பழைய செக்ரோல் நோட்டில் சோற்றுப்பசை வைத்து ஒட்டுவேன். பக்கத்திலேயே படத்தின் கதையை எழுதுவேன். பார்க்காத படத்துக்கு நானே உண்டாக்கிய கதை! மூன்று வருஷத்தில் நோட்டு தலையணை மாதிரி ஊதிவிட்டது. கராஜ் சேல் பெரியவரிடம் 'இல்லை' என்றது இதனால்தான் உறுத்தியது. எங்கள் ஊரிலும் பேய்ப்படப் பத்திரிகை ஒன்று இருந்தது. பிரதிகள் ஒன்று, ஆசிரியர் ஒருவர், வாசகர் லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.

அந்த நோட்டு இப்போது இல்லை. அதற்காகப் பல வருஷம் அப்பா மேல் கோபமாக இருந்தேன்.

லயம் தெரியாதவர்களுக்கு: ஒரு அறை, ஒரு அடுப்படி, வரிசையாக ஒட்டிய வீடுகள். வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரை வீடு. ரிட்டையர் ஆனால் காலி செய்ய வேண்டும். மழைக்காலத்தில் பேயை நினைத்துப் பயந்ததைவிடப் பின்னால் இருக்கும் மேட்டை நினைத்துப் பயந்ததுதான் அதிகம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். இங்கே போனில் அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி தூங்கவில்லை. மேடு சரியாவிட்டாலும், லயத்தில் சேர்த்த எதுவும் நிரந்தரமில்லை. 1996-இல் அப்பா ரிட்டையர் ஆனபோது நான் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். லீவுக்குக் கம்பத்து வாடகை வீட்டுக்குப் போனால் என் தகரப்பெட்டி இல்லை. மனோரமா, திகில், நோட்டு எல்லாம் எடைக்குப் போயிருந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முறைத்துக்கொண்டு திரும்பினேன்.

போன சனிக்கிழமை, வாங்கிய இதழைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன். பெட்டியைப் பற்றி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அந்தப் பேய் நோட்டா? ரெண்டு குடும்பத்துக்கு ஒரே லாரிப்பா. கட்டில் ஏறணும்னா பெட்டி ஏறாதுன்னுட்டான் டிரைவர். உங்கப்பா அவரு பார்த்துப் பார்த்துக் கட்டுன கோழிக்கூண்டையே விட்டுட்டுத்தான் வந்தாரு. உன் நோட்டை மட்டும் தனியா எடுத்துக் கக்கத்துல வச்சிருந்தாரு. லோயர் கேம்ப் கிட்ட மழை, மேல தார்ப்பாய் இல்ல. நனைஞ்சு கூழாப் போச்சு. உன்கிட்டச் சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு எடைக்குப் போட்டதாச் சொல்லிட்டாரு."

அப்பா இல்லாமல் ஒன்பது வருஷம் ஆகிறது.

கையில் இருந்த இதழின் ஆசிரியர் அக்கர்மனை நினைத்துக்கொண்டேன். லாஸ் ஏஞ்சலீஸில் அவருக்கு 18 அறைகள் கொண்ட வீடு. புத்தகம், போஸ்டர், முகமூடி என்று சுமார் 3 லட்சம் பொருள்கள். சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் இலவசமாகச் சுற்றிக் காட்டுவார். பையனாக இருந்தபோது ஸ்டீபன் கிங் அவருடைய பத்திரிகை ஒன்றுக்குக் கதை அனுப்பினார். பிரசுரமாகவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, புகழ்பெற்ற எழுத்தாளர் கிங் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்த வரிசையில் அக்கர்மன் அதே தட்டச்சுத் தாளோடு வந்து நின்றார். தாளைத் தூக்கிப் போடாமல் இருக்க வீடு வேண்டும். லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் கடைசிப் பிரதி 1965-இல் ஸ்டூடியோ கிடங்குத் தீயில் போய்விட்டது. 2002-இல் அதை ஓரளவுக்கு மறுபடி கட்டி எழுப்பியது யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஸ்டில் படங்களைக் கொண்டுதான். அதே 2002-இல் அக்கர்மனும் அந்தப் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 2008-இல் அவர் இறந்த பிறகு மிச்சமிருந்ததும் ஏலத்தில் சிதறியது. 18 அறைகளுக்கும் முடிவு லாரிதான்.

நம் பக்கத்தில் தப்பித்த கதையும் ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகை, சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்ததும் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிப் போகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தமிழ் சினிமா சரித்திரம் எழுதுகிறவர்கள் அங்கேதான் போய் உட்கார்கிறார்கள். ஆனால் மலைமேல் ஒரு லயத்தில் தமிழும் மலையாளமுமாக நாங்கள் எதைப் படித்துப் பயந்தோம் என்பதற்குத் தனியாக ஒரு பெட்டி எங்கும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் திகில் காமிக்ஸோ, பழைய மங்களமோ, பேய்ப்படப் பாட்டுப் புத்தகமோ இருந்தால் எடைக்குப் போடும் முன் போனில் நாலு படமாவது எடுத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் இடம் இருக்கிற நூலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெரியவரைப் பார்க்கப் போகிறேன். பெட்டியில் மிச்சம் இருந்தால் வாங்குவதற்கு. 'இல்லை' என்று சொன்னதைத் திருத்துவதற்கும்.