ஆட்டோகிராஸ்: டயர் சூடு ஆறாமல் காப்பது எப்படி?

அமெரிக்காவில் பரந்த வாகன நிறுத்துமிடங்களிலும் விமான ஓடுதளங்களிலும் கூம்புகளை வைத்துப் பாதை அமைத்து நடத்தப்படும் கார் போட்டி ஆட்டோகிராஸ். கார்கள் ஒவ்வொன்றாக ஓடும்; ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி அபராதம். நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடைபெறும் தேசியப் போட்டியில் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 3 சுற்றுகளே கிடைக்கும்.

பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் தரையை நன்றாகப் பற்றும். ஓடும்போது ஏறிய சூடு, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கையில் காற்றாலும் குளிர்ந்த தரையாலும் ஆறிவிடுகிறது. டயரின் காற்றழுத்தமும் இறங்கிவிடும். அப்படியே புறப்பட்டால் முதல் வளைவிலேயே கார் வழுக்கக்கூடும்.

சுற்று முடிந்ததும் டயர்களைக் கம்பளியால் போர்த்திவிடுவது எளிய வழி. காற்று வீசும் பக்கத்தை முதலில் மூட வேண்டும். புறப்படும் முன் கம்பளியை எடுத்துவிட்டு, காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது அவசியம். ஒரே காரை இருவர் மாறிமாறி ஓட்டினால் சூடு ஆற நேரமிராது. வெயில் நாளில் அது மிஞ்சிப்போனால் தண்ணீர் தெளித்துத் தணிப்பார்கள்.

மின்சூடேற்றியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் போட்டி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்கள் நடமாடும் வரிசையில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சூடேற்றுவது ஆபத்து. அதைத் தவிர்ப்பதே நல்லது.