பங்குனிப் பக்கங்கள்

2020-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6 அன்று வந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் நடிக்கும் பெண்களுக்கு இதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் வரும் திருவிழாக்களில் சம்பாதிப்பதுதான் அவர்களுடைய வருஷத்து வருமானம். மீதி மாதங்களை அந்தப் பணத்தை வைத்தும், அது தீர்ந்த பிறகு கடனை வைத்தும் ஓட்டுவார்கள். அந்த ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. அழகர் வைகையில் இறங்கவில்லை. பெரிய கோயில்களுக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பொட்டலில் போடும் வள்ளி திருமணத்தை யார் நினைக்கப்போகிறார்கள்?

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராத மாணவிகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அது சிறுவர்களின் கம்பெனி, பெண் வேடமும் பையன்களுக்கே. கம்பெனி என்றால் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, பாடம் சொல்ல வாத்தியார் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இவை எதுவும் கிடையாது. ஒரு ராத்திரிக்கென்று ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை இல்லாமலே இரவு பத்து மணிவாக்கில் மேடையேறி விடியும்வரை நடிப்பார்கள். உடை, சடை, மேக்கப் பெட்டி எல்லாம் அவரவர் சொந்தம். கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகப் புகழ்பெற்றது இந்த வகை மேடையில்தான்.

கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அது விதிவிலக்கு. பெரும்பாலான பெண்களுக்கு மேடையில் இடம் கொடுத்தது ஸ்பெஷல் நாடகத்தின் இந்தத் தளர்வான ஏற்பாடுதான் என்பது என் கருத்து. அதே தளர்வு இன்னொன்றையும் செய்தது. உடம்பு முடியாமல் போனாலோ, ஆட்டம் நின்றாலோ, ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் நடிகர் சங்கங்கள். 1920-களிலேயே மதுரையில் சங்கம் ஏற்பட்டுவிட்டது, பிறகு மற்ற ஊர்களிலும். நோட்டீஸில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர்ப் பெயர் இருக்கும். ஒரே மேடையில் நாலு ஊர்ச் சங்கத்து ஆட்கள் சேர்ந்துதான் நாடகம் நடக்கும் என்பதால், சங்கங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிழைக்க முடியாது.

ஊரடங்கில் இந்தப் பழைய கூட்டுறவு வேறு வேலைக்குப் பயன்பட்டது. உறுப்பினர் பட்டியல் நிவாரணப் பட்டியலானது. உதவி செய்ய முன்வந்தவர்கள் யாருக்கு அனுப்புவது என்று சங்கங்களைத்தான் கேட்டார்கள். டி.எம். கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை போன்றவை கலைஞர்களுக்கென்று நிதி திரட்டின. அரசு நிவாரணம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்திருந்தவர்களுக்கு வந்தது. பதியாதவர்கள் பாடு தனி. பல மாவட்டங்களில் நாடகக்காரர்கள், கரகாட்டக்காரர்கள், நையாண்டி மேளக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக, வேடத்தோடும் வாத்தியத்தோடும் ஆட்சியர் அலுவலக வாசலில் நின்று மனு கொடுத்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது.

அந்தப் படத்தில் யார் நிற்க முடியும், யாரால் முடியாது என்பதைத்தான் நான் இங்கே பேச நினைக்கிறேன். மதுரையில் தங்கி ஆய்வு செய்து, 2005-இல் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட சூசன் சைஸர், நடிகைகள் மேடைக்கு வெளியே எவ்வளவு கவனமாக நடந்துகொள்கிறார்கள் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். கூத்தாடி என்ற சொல் ஆணைச் சுடுவதைவிடப் பெண்ணைச் சுடுவது அதிகம். நாரதர் வேடத்தோடு ஓர் ஆண் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் அது செய்தி. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் தன் தொழிலைச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒருத்தி வள்ளி வேடத்தோடு நின்றால், மகளின் வாழ்க்கைக்கே ஆபத்து. அரிசிப் பையை வாங்கும்போது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள் என்பதற்காகவே வாங்கப் போகாதவர்கள் உண்டு. கொடுப்பவர்களுக்கு அந்தப் படம் கணக்கு, பெறுகிறவளுக்கு அது நோட்டீஸ்.

இதை எனக்குச் சொன்னவர் முப்பது வருஷமாக ஸ்திரீபார்ட் போடும் ஓர் அக்கா. பெயரும் ஊரும் எழுதக்கூடாது என்பது அவர் நிபந்தனை. ஆண்களில் பலர் கொத்து வேலைக்குப் போனார்கள், காய்கறி வண்டி தள்ளினார்கள் என்றார். ராத்திரி முழுக்கக் கண்விழித்தே பழகிய பெண்ணை, அதுவும் என்ன தொழில் செய்கிறாள் என்று தெரிந்துவிட்டால், வீட்டு வேலைக்குக்கூடச் சேர்க்கத் தயங்கினார்களாம். மேடை நகை எல்லாம் கவரிங், அடகுக் கடையில் செல்லாது. தையில் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஊர்க்காரர்கள் போன் செய்தபோது, அது ஏற்கெனவே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகியிருந்தது.

நாடகத்தில் உடன் நடிப்பவர்களை அக்கா, அண்ணன், சித்தி, மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்களோடு ராத்திரியில் வேனில் போகிற பெண்ணுக்கு அந்த முறைச் சொற்கள் ஒரு வேலி. 2020-இல் அந்த வேலியே களஞ்சியமும் ஆனது. இந்த அக்காவும் இன்னும் சில பெண்களும் வேறு வேறு சங்கத்து ஆட்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைப் போனிலேயே விசாரித்துக்கொண்டார்கள். தங்கள் சங்கத்தில் வந்த அரிசியில், எண்ணெயில் பாதியை எடுத்துவைத்து, வெளியே வர முடியாதவர்களுக்கு உறவுக்காரி பார்க்கப் போவதுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படம் எடுக்கவில்லை. எந்தச் சங்கத்து மினிட் புத்தகத்திலும் இது இல்லை. சங்கப் பொறுப்புகளில் பெரும்பாலும் ஆண்களே இருக்க, இது ஏறியிருந்தால்தான் ஆச்சரியம்.

2021 ஏப்ரல் 10 முதல் தமிழ்நாட்டில் திருவிழாக்களுக்கு மறுபடி தடை வந்தது. இரண்டாவது சித்திரையும் கைவிட்டுப் போனது. 2022 ஜனவரியில் மூன்றாவது அலையோடு கட்டுப்பாடுகள் திரும்பவும் வந்தன. அதற்குள் அந்தப் பெண்களில் சிலர் தொழிலை விட்டுவிட்டார்கள். ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார், இனி வரமாட்டார் என்றார் அக்கா. சொல்லும்போது அவர் குரலில் வருத்தமா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாடகத் தேதிகளை எழுதிவைக்கும் டைரி ஒன்று அவரிடம் இருக்கிறது. ஊர்ப் பெயர், நாடகத்தின் பெயர், பேசிய தொகை, வாங்கிய முன்பணம். 2020 டைரியில் பங்குனி, சித்திரைப் பக்கங்களில் ஊர்ப் பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேலேயே வேறு மையில் பெண்களின் பெயர்களும் எதிரே கிலோக் கணக்கும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தையாவது போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் டைரியை மூடி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். பார்த்ததை எழுதிக்கொள், பெயரை எழுதாதே என்றார்.