பொம்மைக்கு மாலை, கைக்குத் தீட்டு

2007 ஆகஸ்ட் 31 அன்று ஜப்பானின் சப்போரோ நகரைச் சேர்ந்த கிரிப்டன் நிறுவனம் ஹாட்சுனே மிக்கு என்ற மென்பொருளை வெளியிட்டது. யமஹாவின் வோகலாய்டு தொழில்நுட்பத்தில் இயங்கும் பாடும் குரல் அது. ஒரு குரல் நடிகையிடம் பதிவு செய்த ஒலித்துணுக்குகளைக் கோத்து, யார் எழுதிய வரியையும் யார் போட்ட மெட்டிலும் பாடிக் காட்டும். அட்டையில் நீலப்பச்சை நிறத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் படம்.

அடுத்து நடந்ததை இணையத்தின் பிள்ளைகளான நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். நிக்கோ நிக்கோ என்ற காணொளித் தளத்தில் ஒருவர் பாட்டுப் போட்டார், இன்னொருவர் படம் வரைந்தார், 2008-இல் வந்த ஒரு இலவச மென்பொருளைக் கொண்டு வேறொருவர் அவளை ஆட வைத்தார். மேடையில் திரை ஒளியாகத் தோன்றும் அந்த உருவத்துக்கு இன்று உலகெங்கும் ரசிகர்கள். அவளுக்கு ஊர் இல்லை, குலம் இல்லை. யாரும் அவளிடம் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பதில்லை.

உயிரற்ற உருவத்துக்குப் பலர் கூடி உயிர் கொடுப்பது ஜப்பானுக்குப் புதிதல்ல. ஒசாகாவில் வளர்ந்த புன்ராக்கு பொம்மலாட்டத்தில் 1734 முதல் ஒரு பொம்மையை மூவர் ஆட்டுகிறார்கள். ஒருவர் தலையையும் வலது கையையும், ஒருவர் இடது கையையும், ஒருவர் கால்களையும் இயக்குகிறார். பொம்மைக்கான குரல் பக்கத்தில் அமர்ந்து பாடுபவருடையது. கூடவே ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம். 2003-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மானுடத்தின் அரிய மரபாக அறிவித்தது.

இந்தக் கலையின் வேரைத் தோண்டினால் நமக்குப் பழக்கமான ஒன்றுதான் தட்டுப்படுகிறது. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓர் அரசவை அறிஞர், குகுட்சு எனப்பட்ட பொம்மையாட்டிகளை நிலையான வீடில்லாதவர்கள், உழாதவர்கள், வரி கட்டாதவர்கள் என்று குறித்தார். அவாஜி தீவின் சாஞ்ஜோ கிராமத்துப் பொம்மையாட்டிகளும் ஒதுக்கப்பட்டவர்களாகவே நடத்தப்பட்டார்கள். பக்கத்துத் தொகுஷிமா பகுதியில் புத்தாண்டுக்கு வீடு வீடாகப் பொம்மையோடு போய் வாழ்த்துப் பாடியவர்களில் பலர் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். அவர்களது வாழ்த்து வேண்டியிருந்தது, சம்பந்தம் வேண்டியிருக்கவில்லை. ஷாமிசெனுக்குத் தோல் பதப்படுத்தியதும் இதே மக்களின் கைகள்தான். மிருதங்கத் தோலின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புராக்கு மக்கள் என்று அழைக்கப்படும் இவர்களின் இழிநிலைப் பெயர்களை 1871-இல் அரசு ஆணை நீக்கியது. ஒதுக்கல் மட்டும் நீங்கவில்லை. தொழில் தங்கள் பிறப்பைக் காட்டிக்கொடுத்ததால் தொகுஷிமாவில் பலர் பொம்மைகளையே ஒழித்துவிட்டார்கள். பிற்பாடு அந்தப் பகுதியினரே சிலர் அவற்றைத் தேடி எடுத்து ஆட்டத்தை மீட்டார்கள்.

இப்போது மறுபடி இணையத்துக்கு வருவோம். 1975-இல் புராக்கு ஊர்களின் பட்டியல் ரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. வேலைக்கு வருபவர் எந்த ஊர் என்று பார்த்துக் கழிப்பதற்காக நிறுவனங்கள் அதை வாங்கியிருந்தன. 2016-இல் ஒரு பதிப்பகம் அப்படியொரு பழைய ஊர்ப் பட்டியலை இணையத்தில் ஏற்றியது. புராக்கு விடுதலைக் கழகமும் 200-க்கும் மேற்பட்டவர்களும் வழக்குப் போட்டார்கள். பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை மனிதருக்கு உண்டு என்று 2023-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் ஏற்றது. 1988-இல் அனைத்துலகப் பாகுபாடு எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்க முன்னின்றதும் இந்தக் கழகம்தான். தலித் மக்களின் பிரச்சினையை ஐ.நா. அரங்குகளுக்குக் கொண்டுபோனதில் அந்த இயக்கத்துக்கும் பங்கு உண்டு.

பிறப்பே இல்லாத ஒரு குரலைக் கொண்டாடுகிற அதே இணையம், பிறந்த ஊரை வைத்து மனிதரை வேட்டையாடவும் இடம் தருகிறது. தொழில்நுட்பம் சாதியை அழித்துவிடும் என்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பறையையும் கூத்தையும் கைப்பேசியில் பதிவு செய்து ஏற்றும் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. வாசித்தவரின் பெயரைப் போடாமல் "நாட்டுப்புற இசை" என்று முடித்துவிடாதீர்கள். அதே நேரம் அவரைக் கேட்காமல் ஊரையும் தெருவையும் எழுதிவிடாதீர்கள். எது வெளியே போக வேண்டும் என்பதை வாசித்தவரே முடிவு செய்யட்டும்.