தகரத்துக்குக் கீழே ஒரு சாண்

2004 என்றதும் டெல்டாக்காரர்களுக்குச் சுனாமி ஞாபகம் வரும். எங்கள் ஊர்க் கூரைகள் மாறத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு, மாப்பிள்ளை உட்படப் பலர் மாண்டார்கள். ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையல் கொட்டகைத் தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்தது. வீடுகளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்த ஒவ்வொரு தாயும் அதைத் தனக்கும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் வீடு வீடாகத் தகரம் ஏறியது.

அதுவரை சித்திரை என்றால் கூரை பிரிக்கும் மாதம். தென்னை மட்டையை இரண்டாக வகுந்து குளத்தில் ஊறப்போடுவார் அப்பா. ஊறிய மட்டையை முற்றத்தில் போட்டு, காலால் அழுத்திக்கொண்டு, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று மடக்கி முடைவார் பெரியம்மா. அப்படி முடைந்த கீற்றை மூங்கில் வரிச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டினால், அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கும். வெயில் அதைத் தாண்டி உள்ளே வராது. மழைக்கு முன்னால் மறுபடி பிரித்துக் கட்டும் செலவும், தேளும் பாம்பும், தீப்பயமும் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெளி தகரம் சரக்குக்காகப் பிறந்தது. லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டைத் தகடு தன் பாரத்திலேயே தொய்யும். நெளிவு கொடுத்தால் விறைத்து நிற்கும், சட்டங்கள் குறைவாகப் போதும். 1837-இல் பிரான்சின் சோரெல் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கியதும் துருவின் தொல்லையும் குறைந்தது. கிடங்கு, ரயிலடி, தொழிற்சாலை என்று உலகமெல்லாம் பரவியது. அதன்கீழே மனிதர் மத்தியானம் படுத்துறங்குவதைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்!

உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. பளபளக்கும் புதுத் தகரம் அதில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டாலும், ஏறிய சூட்டை எளிதில் வெளியே விடாது. துருவேறிய தகரமோ இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். தலைக்குமேல் காய்ந்த தோசைக்கல்லைக் கவிழ்த்ததுபோல் இருக்கும். "ஏண்டி, இதுக்குள்ள மனுசி இருக்க முடியுமா?" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு பெரியம்மா புளியமரத்தடிக்குப் போய்விடுவார். ஒன்று மட்டும் தகரத்துக்குச் சாதகம்: பொழுது சாய்ந்ததும் சட்டென்று ஆறிவிடும். தளம்போட்ட வீடு நடுராத்திரி வரை அனத்தும்.

சுனாமிக்குப் பின் நாகைக் கடலோரத்தில் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளில் கறுப்புத் தார் ஷீட் போட்டார்கள். 2005 கோடையில் அங்கே பகலில் ஆள் அண்ட முடியவில்லை. ஜனங்கள் செய்த வைத்தியம், மேலே கீற்றுப் போட்டது. எங்கள் தெருவிலும் தகரத்தின்மேல் கீற்று ஏறியது. வெக்கை குறைந்தது. எந்தத் தீக்குப் பயந்தோமோ, அதுவும் கூடவே திரும்பி வந்தது.

சிலர் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளை வெயிலைத் திருப்பியடிக்கும், மிஞ்சிய சூட்டையும் தகரத்தைவிட நன்றாக வெளியே விடும். ஆனால் புதுத் தகரத்தில் அது ஒட்டாது. ஐப்பசி மழையில் இறவாணம் வழியாகப் பாலாக ஒழுகிவிடும். காரம் துத்தநாகத்தையும் அரிக்கும். வேறு சிலர் சுரைக்கொடி ஏற்றினார்கள். தகரத்தில் பட்டால் தளிர் கருகிவிடும் என்பதால் முதலில் முள் பரப்பி, அதன்மேல் படரவிட்டார்கள். அந்த முள் கொடுத்த இடைவெளியில் காற்று ஓடியதும் வீட்டுக்கு நல்லதாயிற்று.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் மண்ணோடு சாய்ந்தன. சரியாக முடுக்காத தகரங்கள் கத்திபோல் பறந்தன. அதற்குப்பின் முடைய மட்டைக்கே பஞ்சம். விரும்பினாலும் கீற்றுக்குத் திரும்ப முடியாத நிலை.

இப்போது எங்கள் வீட்டில் தகரத்துக்கு ஒரு சாண் கீழே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம், அடுப்படிப் பக்கம் மட்டும் விட்டுவிட்டு. பக்கச் சுவர் இரண்டிலும் உச்சியில் திறப்பு வைத்து வலை அடித்தாயிற்று. சூடேறிய காற்று அந்த வழியே வெளியேறுகிறது. மேலே வெள்ளைப் பெயிண்ட். நிவாரணமென்று தகரம் கொடுப்பவர்கள் அந்தத் தட்டிக்கும் வலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.