பல்லுக்குக் காப்புறுதி இருக்கா? மெடிசேவ், சாஸ், கம்பெனி சலுகை: எது எதற்கு உதவும்?

தொடக்கப்பள்ளி நாள்கள் ஞாபகம் இருக்கிறதா?

பாடம் நடந்துகொண்டிருக்கும். வகுப்பு வாசலில் ஒருவர் வந்து உங்கள் பெயரைச் சொல்வார். மொத்த வகுப்பும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். நீங்கள் மெல்ல எழுந்து பள்ளிப் பல் மருந்தகத்துக்குப் போவீர்கள்.

பிடித்ததோ இல்லையோ, அப்போது உங்கள் பற்களைக் கவனிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. தேசிய சேவையில் இருந்த காலத்திலும் அந்த வசதி தொடர்ந்திருக்கும். அதன் பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"வலிச்சா பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். வலி வந்ததும் பல் மருந்தக முகப்பில் நின்று கேட்கிறோம்: "மெடிசேவ்ல எடுத்துக்கலாமா?"

சில சிகிச்சைகளுக்கு முடியும். பலவற்றுக்கு முடியாது. சிங்கப்பூரில் பல் சிகிச்சைக்கென்று எல்லாருக்கும் பொதுவான ஒரே காப்புறுதி கிடையாது. உதவி பல இடங்களிலிருந்து துண்டு துண்டாக வருகிறது. எந்தத் துண்டு உங்களுக்கு உரியது என்பதை வலி வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மெடிஷீல்டு லைஃப் இருக்கிறதே, போதாதா?

போதாது. மெடிஷீல்டு லைஃப் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கான அடிப்படைக் காப்புறுதி. பல் சிகிச்சை அதில் சேராது. விபத்தில் அடிபட்டுப் பல் சிகிச்சை தேவைப்பட்டால் மட்டும் விதிவிலக்கு.

சொத்தைப் பல்லை அடைக்கவோ, ஈறு வீக்கத்துக்கோ அதை நம்பிப் பயனில்லை.

மெடிசேவ்: கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மெடிசேவ் காப்புறுதி அல்ல. உங்கள் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் மத்திய சேம நிதிக்குப் போகும் உங்கள் சொந்தப் பணம் அது. ஆண்டுக்குக் குறைந்தது 4 விழுக்காடு வட்டியும் சேர்கிறது. வயதான காலத்து மருத்துவச் செலவுக்கு மிச்சம் இருக்கவேண்டும் என்பதால் அதை எடுக்கக் கட்டுப்பாடுகள் உண்டு.

பல் சிகிச்சையைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: அது அறுவைச் சிகிச்சையா, இல்லையா?

பொதுவாக மெடிசேவ் பயன்படுத்தக்கூடியவை:
• எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை அறுவைச் சிகிச்சை செய்து எடுப்பது
• தாடை எலும்பில் செயற்கைப் பல்லுக்கான இம்ப்ளாண்ட் பொருத்தும் அறுவைச் சிகிச்சை
• ஈறு, தாடை ஆகியவற்றில் செய்யும் அறுவைச் சிகிச்சைகள்

பொதுவாக முடியாதவை:
• பல் பரிசோதனை, சுத்தம் செய்தல்
• சொத்தைப் பல்லை அடைத்தல்
• அறுவைச் சிகிச்சை இல்லாமல் சாதாரணமாகப் பல் பிடுங்குதல்
• பல்லுக்கு உறை போடுதல்
• பல் வரிசையைச் சீராக்கும் கம்பி, பல்லை வெண்மையாக்குதல்

அறுவைச் சிகிச்சைக்கும் முழுத் தொகையையும் எடுத்துவிட முடியாது. எவ்வளவு சிக்கலானது என்பதற்கேற்ப உச்சவரம்பு உண்டு. மிச்சம் உங்கள் கைக்காசு.

பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரின் தகுதிபெறும் சிகிச்சைக்கும் உங்கள் மெடிசேவைக் கொடுக்கலாம். ஞானப்பல் எடுக்கவேண்டிய மாணவர் பெற்றோரின் கணக்கைப் பயன்படுத்துவது இப்படித்தான்.

அப்படியானால் காத்திருப்பது லாபமா?

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஓர் எண்ணம் வரலாம். பல்லைச் சுத்தம் செய்தால் கைக்காசு. பல் போன பிறகு இம்ப்ளாண்ட் வைத்தால் மெடிசேவ். "அப்ப ஏன் இப்பவே செலவு பண்ணணும்?"

ஒரு சொத்தைப் பல்லின் பயணத்தைப் பாருங்கள்.

பபள் டீ, தே தாரிக், பிஸ்கட் என்று எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள சர்க்கரையை வாயிலிருக்கும் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. பல் மருத்துவர் கண்டுபிடித்தால் ஒரே வருகையில் அடைத்துவிடலாம்.

விட்டுவிட்டால் குழி ஆழமாகும். நரம்பைத் தொட்டதும் இரவில் தூக்கம் போகும். இப்போது தேவைப்படுவது வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால். அதற்குமேல் பெரும்பாலும் உறையும் போடவேண்டும். தனியார் மருந்தகத்தில் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டும் சேர்ந்தால் 1,000 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம்.

அதையும் தள்ளிப்போட்டால் பல்லைப் பிடுங்க நேரலாம். அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் வைக்க ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். மெடிசேவ் அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்கும். அதுவும் உங்கள் பணமே.

எனவே மெடிசேவ் ஏற்காத அந்தச் சிறிய செலவுதான் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றுகிறது. ஆரோக்கியமான இளையர் ஒருவருக்கு அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பரிசோதனையும் சுத்தம் செய்தலும். கைப்பேசிக் கட்டணம்போல ஆண்டுச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாஸ் அட்டை: நிறம் முக்கியம்

சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டம் சிங்கப்பூரர்களுக்கு மட்டும். நிரந்தரவாசிகளுக்கு மெடிசேவ் உண்டு, சாஸ் இல்லை. திட்டத்தில் பங்கேற்கும் தனியார் மருந்தகங்களில் கட்டணத்திலிருந்து உதவித்தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

• நீல அட்டை: பல் சிகிச்சைக்குக் கூடுதல் உதவி. பல் சுத்தம் செய்ய ஆண்டுக்கு 2 முறை உதவித்தொகை கிடைக்கும்.
• ஆரஞ்சு அட்டை: பல் சிகிச்சைக்கு உதவி உண்டு. நீல அட்டையைவிடக் குறைவு.
• பச்சை அட்டை: பல் சிகிச்சைக்கு உதவித்தொகை இல்லை.

பச்சை அட்டையை நீட்டிவிட்டு "சாஸ் இருந்தும் கழிக்கல" என்று குழம்புவோர் உண்டு. காரணம் இதுதான்.

நிறத்தைத் தீர்மானிப்பது குடும்பத்தின் தனிநபர் வருமானம். ஒரே முகவரியில் வசிக்கும் குடும்ப உறுப்பினர்களின் மொத்த வருமானத்தை ஆள் கணக்கில் வகுப்பார்கள். இதில் இளையர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் உங்கள் சம்பளமும் கணக்கில் சேரும். வீட்டில் எல்லாருடைய அட்டையின் நிறமும் மாறக்கூடும். அப்பாவின் பல்செட் வேலையை அந்த நேரத்தில் தொடங்குவதாக இருந்தால் அட்டை எப்போது காலாவதியாகிறது என்று முதலில் பாருங்கள்.

மாறாக, வீட்டில் ஒருவர் வேலை இழந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

1949ஆம் ஆண்டு இறுதிக்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கும், 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும் வருமானம் எவ்வளவு என்பது பொருட்டல்ல. அந்தந்தத் தலைமுறைக்குரிய தகுதி இருந்தால் அவர்களுக்குச் சிறப்பு உதவித்தொகை உண்டு. தாத்தா பாட்டியின் அட்டை அலமாரியில் தூங்குகிறதா என்று பாருங்கள்.

என்ன மாறுகிறது?

பல்லைப் பிடுங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதற்கு உதவுவது நல்லது என்ற திசையில் கொள்கையும் நகர்கிறது.

2025இல் சுகாதார அமைச்சு இரண்டு மாற்றங்களை அறிவித்தது. முதலாவது, பல்லைப் பாதுகாக்கும் சில சிகிச்சைகளுக்குச் சாஸ் உதவித்தொகையை அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து உயர்த்துவது. இரண்டாவது, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2026 நடுப்பகுதியிலிருந்து சில பல் சிகிச்சைகளுக்கு ஃபிளெக்ஸி-மெடிசேவைப் பயன்படுத்த அனுமதிப்பது.

இளையர்களுக்கு அறுவைச் சிகிச்சைக் கோடு அப்படியே இருக்கிறது.

கம்பெனி சலுகை: டிசம்பரில் காணாமல் போகும் பணம்

பல நிறுவனங்கள் பல் சிகிச்சைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கின்றன. அது கட்டாயம் அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மனிதவளப் பிரிவிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

• ஆண்டுக்கு எவ்வளவு? மீதம் அடுத்த ஆண்டுக்குப் போகுமா? (பெரும்பாலும் போகாது.)
• எந்த மருந்தகத்துக்கும் போகலாமா, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமா?
• முதலில் நான் கட்டி ரசீது கொடுக்கவேண்டுமா?
• தகுதிகாண் காலத்தில் இருப்போருக்கும் உண்டா?

சலுகை இருப்பதே தெரியாமல் ஆண்டு முடிந்துவிடுவது சகஜம். மருந்தகங்களில் டிசம்பரில் கூட்டம் அலைமோதும். ஜூன், ஜூலையிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்.

தனியார் பல் காப்புறுதி வாங்கலாமா?

வாங்குமுன் சிறிய எழுத்தைப் படியுங்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு? ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு? ஏற்கெனவே உள்ள பல் பிரச்சினையை ஏற்குமா? அழகுக்காகச் செய்யும் சிகிச்சையைச் சேர்க்குமா?

பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஆண்டுச் சந்தா ஒருபுறம். வழக்கமாக நீங்கள் செலவிடும் தொகை மறுபுறம். வருடம் இரண்டு முறை சுத்தம் மட்டுமே செய்பவருக்குச் சந்தா கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைப்பதே மேல்.

குறைந்த கட்டணத்தில் எங்கே போகலாம்?

பலதுறை மருந்தகங்கள் சிலவற்றில் பல் பிரிவு உண்டு. கட்டணம் குறைவு, காத்திருப்பு நீளம். வழக்கமான பரிசோதனை என்றால் காத்திருக்கலாம். மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்யுங்கள்.

சிக்கலான சிகிச்சை என்றால் பலதுறை மருந்தகம் உங்களைத் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ பரிந்துரைக்கலாம். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே போனால் பொதுவாக மானியம் கிடைக்காது. அந்த ஒரு கடிதத்தால் கட்டணம் பெரிதும் மாறும்.

ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்களும் உண்டு. கட்டணம் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்குள்ள பல் மருந்தகங்களில் சாஸ் செல்லாது. வேர் சிகிச்சைக்குப் பலமுறை போகவேண்டி வரலாம். நள்ளிரவில் வீக்கம் வந்தால் யாரைப் பார்ப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

"மெடிசேவ்ல போட்டுடலாம்" என்றால் உஷார்

செய்யாத அறுவைச் சிகிச்சையைச் செய்ததாகவோ, ஒரே நாள் சிகிச்சையைப் பல நாளாகவோ காட்டி மெடிசேவ், சாஸ் பணம் கோருவது தவறு. அப்படித் தவறிழைத்த மருந்தகங்களைச் சுகாதார அமைச்சு இத்திட்டங்களிலிருந்து இடைநீக்கம் செய்திருக்கிறது.

"உங்க கையிலிருந்து ஒண்ணும் கட்ட வேணாம்" என்று சொன்னால் சந்தோஷப்படுமுன் கேளுங்கள்: என்ன சிகிச்சை? ஏன் தேவை? மொத்தம் எவ்வளவு? எதிலிருந்து எவ்வளவு கழிக்கப்படும்? படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள்

"வயசானா பல்லு விழத்தான் செய்யும்" என்று பாட்டி சொல்வார். வயது மட்டுமே காரணம் அல்ல. ஈறு நோயும் சொத்தையும் கவனிக்கப்படாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

நீரிழிவு இருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் மோசமாகும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கு ஆபத்தானதே.

மீன் துண்டை ஒதுக்குகிறாரா? ஒரு பக்கமாகவே மெல்லுகிறாரா? முறுக்கைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாரா? "செலவு ஆகுமே" என்று வாய்திறந்து சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்கவேண்டும்: "பாட்டி, கடைசியா எப்போ பல் டாக்டரைப் பாத்தீங்க?"

எப்போது காத்திருக்கக்கூடாது?

• முகத்தில் அல்லது தாடையில் வீக்கம், கூடவே காய்ச்சல்: உடனே பல் மருத்துவரைப் பாருங்கள்
• விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம்: மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்
• இரண்டு வாரத்துக்கும் மேல் ஆறாத வாய்ப்புண்: பல் மருத்துவரிடம் காட்டுங்கள்

இந்த வாரம் என்ன செய்யலாம்?

• உங்கள் சாஸ் அட்டையின் நிறத்தையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுடையதையும் பாருங்கள்
• வேலையிடத்தில் பல் சலுகை மீதம் எவ்வளவு என்று கேளுங்கள்
• கடந்த ஓராண்டில் பரிசோதனைக்குப் போகவில்லை என்றால் ஒரு தேதி எடுங்கள்
• அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஆகியோரில் ஒருவருக்காவது கூடவே ஒரு தேதி எடுங்கள்

வகுப்பு வாசலில் வந்து இனி யாரும் உங்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. கைப்பேசி நாட்காட்டியில் நீங்களே ஒரு நினைவூட்டலைப் போட்டுவையுங்கள்.