பேரேட்டிலிருந்து பெர்சென்டைல் வரை

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஆசிரியர் வைத்துத் தயாராவது தமிழ்நாட்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழக்கம். வியாபாரத்துக்கோ கணக்கு வேலைக்கோ போகவிருக்கும் பிள்ளையை ஒரு வாத்தியாரிடம் உட்கார வைத்துக் கணக்கில் தேற்றிவிடுவது அதைவிடப் பல தலைமுறை மூத்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கு மலையடிவாரத்தை ஒட்டிய மம்சாபுரம் போன்ற ஊர்களின் கல்வி வரலாற்றை இந்த இரண்டு பழக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

பழைய பழக்கத்தின் இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள். தமிழ்ப் பகுதிப் பள்ளிகளில் எழுத்துக்கு ஈடாக எண்ணும் நடந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை பாடங்கள். முதலாவது பின்னங்களையும் எண்களையும், இரண்டாவது தானிய அளவைகளையும், எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளையும், குழிமாற்று நிலப் பரப்பையும் கற்றுத் தந்தன. சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். மனப்பாடம் ஆகும்வரை வீடு திரும்புவது நிச்சயமில்லை. வாத்தியாருக்குக் கூலி பணமாகவும் தானியமாகவும் வந்தது.

அந்தக் கணக்கின் கூர்மையை ஓர் உதாரணத்தில் காணலாம். 640இல் முப்பத்தேழரை சதவீதம் எவ்வளவு? இன்று நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் காகிதத்தில் பெருக்க விடமாட்டார். முப்பத்தேழரை சதவீதம் என்றால் எட்டில் மூன்று, எட்டில் ஒன்று 80, ஆகவே 240 என்று மனதுக்குள்ளேயே முடிக்கச் சொல்வார். திண்ணைப் பள்ளிப் பையனுக்கு எட்டில் மூன்று என்பது காலே அரைக்கால். 640இல் கால் 160, அரைக்கால் 80, மொத்தம் 240. பன்னிரண்டரை சதவீதம் அவனுக்கு அரைக்கால், ஆறேகால் சதவீதம் மாகாணி, ஐந்து சதவீதம் ஒரு மா. 320இல் ஒன்றான முந்திரி வரைக்கும் அவன் வாயிலேயே கணக்குப் போட்டான். பயிற்சி மையங்கள் முதல் வாரத்தில் மாணவர் கையில் கொடுக்கும் ‘பின்னத்துக்குச் சதவீதம்’ அட்டவணை சாரத்தில் ஒரு பொன்னிலக்கம்தான். இதை மையத்துக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

திண்ணையை விட்டு இறங்கியவனுக்கு அடுத்த பள்ளி கடை. செட்டிநாட்டு வணிகர்களிடம் இந்தப் படிநிலை மிகத் தெளிவாக இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் எழுத்து வேலை பழகி அடுத்தாள் ஆவான். அங்கிருந்து கிளையை நடத்தும் மேலாள் ஆவான். ரங்கூனிலும் பினாங்கிலும் லட்சக்கணக்கில் வட்டிக்கடை நடத்தியவர்கள் இப்படி வந்தவர்களே. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் வணிகர்களும் பையன்களைக் கமிஷன் கடையிலும் மண்டியிலும் உட்கார வைத்தே தொழிலைக் கொடுத்தார்கள். சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று அவர்கள் ஒதுக்கிய மகமைப் பணத்திலிருந்து பள்ளிகளும் எழுந்தன; விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889இல் தொடங்கியது. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலும் நிர்வாகம் என்பது தனிப் படிப்பாக இல்லை. நாள்வழியும் பேரேடும் எழுதத் தெரிந்து, பருத்தியைக் கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்லத் தெரிந்தவரே நிர்வாகி. இந்த ஏற்பாட்டில் யாரும் தேர்வு எழுதவில்லை. யாருடைய பிள்ளை, யார் சொல்லி வந்தான் என்பதே தேர்வு. அதனால் சாதிக்கும் உறவுக்கும் வெளியே இருந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை.

கதவுக்கு முன்னால் தேர்வை வைத்தது ஆங்கில ஆட்சி. மதராஸ் பல்கலைக்கழகம் 1857இல் அமைந்து அந்த ஆண்டே மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தியது. கச்சேரி உத்தியோகம் அந்தச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கியதும் அதை வாங்கித் தருவதற்கென்று ஒரு தொழில் முளைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அது டுடோரியல் கல்லூரி என்ற பெயரில் ஊன்றிக்கொண்டது. மதராஸில் மினர்வா டுடோரியல் கல்லூரியை நடத்திய ஏ.என். பரசுராம் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு எழுதிய உரைகள் மாகாணத்துக்கு வெளியிலும் விற்றன. சிறு நகரங்களில் டுடோரியல் என்றால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவர்கள் போகுமிடம் என்றே பொருள் நிலைத்தது. மாடியில் ஓர் அறை, நாலு பெஞ்சு, செப்டம்பர் தேர்வுக்கு உத்தரவாதம். அங்கே படிப்பதைப் பெற்றோர் வெளியே சொல்லமாட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் தனியாகப் பயிற்சி பெற வேண்டும் என்ற எண்ணம் நுழைவுத் தேர்வுகளோடுதான் வந்தது.

கிராமத்தில் பரம்பரை உத்தியோகம் கடைசியாக உடைந்த ஆண்டு 1980. அந்த நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தது. எந்தப் பதவிக்காகத் திண்ணையில் குழிமாற்று கற்றார்களோ, அந்த இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி வரவேண்டியதாயிற்று. 1984இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2007 வரை அது நீடித்தது. தென்மாவட்டங்களில் பிளஸ் டூ மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வு வகுப்பு என்பது பழகிய காட்சியானது இந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில்தான். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் நின்றதும் இதே காலத்தோடு சேர்ந்தது.

மேலாண்மைப் படிப்பு இதற்கெல்லாம் கொஞ்சம் முன்பே நாட்டுக்குள் வந்துவிட்டது. கல்கத்தாவில் 1953இல் ஒரு நிறுவனம், 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள், 1962இல் மதுரையில் மில் முதலாளி கருமுத்து தியாகராஜன் செட்டியார் நிறுவிய தியாகராஜர் மேலாண்மைப் பள்ளி. திருச்சியில் பெல் நிறுவனத்தோடு இணைந்து பாரதிதாசன் மேலாண்மைக் கழகம் 1984இல் வந்தது. மில் முதலாளியே மேலாண்மைப் பள்ளி தொடங்கியது, கடையில் உட்கார்ந்து கற்றால் போதும் என்ற நம்பிக்கை முதலாளிகளிடமே தளர்ந்ததற்குச் சாட்சி.

சேர்க்கைக்கு ஒரு பொதுத் தேர்வு என்ற வழி அமெரிக்காவில் 1954இலேயே வந்திருந்தது. பின்னாளில் ஜிமேட் என்று பெயர் பெற்றது அதுதான். அங்கே ஸ்டான்லி கப்லான் புரூக்ளினில் தன் வீட்டு நிலவறையில் 1938இல் தொடங்கிய டியூஷன், பெரிய பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. இந்திய மேலாண்மைக் கழகங்களின் பொதுத் தேர்வான கேட் தேர்வைச் சுற்றி அதே கதை திரும்ப நடந்தது. மும்பையில் ஐ.எம்.எஸ். 1977இலும், ஹைதராபாத்தில் டைம் 1992இலும், டெல்லியில் கேரியர் லாஞ்சர் 1995இலும் தொடங்கின. சென்னையில் 1970இல் தொடங்கிய பிரில்லியன்ட் டுடோரியல்ஸ், ஐ.ஐ.டி. தேர்வுக்கு அஞ்சல் வழியாகப் பாடம் அனுப்பி நாடு முழுக்கப் பெயர் எடுத்திருந்தது. எம்.பி.ஏ. தேர்வுகளுக்கும் அதே முறையில் பாடக்கட்டுகள் வந்தன. மதுரையே எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு பேரூராட்சிக்குத் தபால்காரர் கொண்டுவந்து தரும் கட்டுதான் முதல் ஆசிரியர். கேள்வித்தாளை வீட்டில் எழுதி அனுப்பினால் மதிப்பெண்ணோடு திரும்பி வரும். சந்தேகம் கேட்க மட்டும் வழியில்லை. பெரும்பாலானோர் பாதிக் கட்டோடு நிறுத்தியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும்.

ஆசிரியர் என்ன கற்றுத் தர வேண்டும் என்பதைக் கேள்வித்தாளின் வடிவமே நிர்ணயித்தது. தொண்ணூறுகளில் கேட் தேர்வு இரண்டு மணி நேரத்தில் 185 கேள்விகள் கேட்டது. ஒரு கேள்விக்கு நாற்பது விநாடிகூட இல்லை. அப்போதைய வகுப்பு முழுக்க வேகம்: வர்க்க எண்கள், கன எண்கள், குறுக்கு வழிப் பெருக்கல். ‘வேத கணிதம்’ என்ற பெயரில் பாரதி கிருஷ்ண தீர்த்தரின் உத்திகள் பயிற்சி மையங்களில் இடம்பிடித்ததும் இந்த அவசரத்தில்தான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவருடைய நூல் 1965இல், அவர் மறைந்த பிறகு அச்சானது. அதில் உள்ள சூத்திரங்கள் வேதங்களில் இல்லை என்று கணித அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் பெருக்கல் சீக்கிரம் முடிகிறது என்பதற்குமேல் தேர்வு எழுதுகிறவருக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

2003 நவம்பரில் கேட் கேள்வித்தாள் வெளியாகி, தேர்வு ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி நடந்தது. அதன் பின் கேள்விகளின் எண்ணிக்கை விறுவிறுவென்று குறைந்தது. 2006இல் இரண்டரை மணி நேரத்துக்கு வெறும் 75 கேள்விகள். வேகம் கற்றுத் தந்தவர்களுக்கு வேலை மாறியது. எந்தக் கேள்வியைத் தொடக்கூடாது என்று கற்றுத் தருவதே இப்போது பயிற்சியின் பாதி. அதன் கணக்கு எளிது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேரும் கேள்விக்குச் சரியான விடை 3 மதிப்பெண், தப்பு என்றால் 1 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தப்பாகி 3 போகும். லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் நிலைமை மாறும். அப்படி மூன்று கேள்விகள் குறித்தால் ஒன்று சரி, இரண்டு தப்பு. 3 வந்து 2 போய் ஒரு மதிப்பெண் மிச்சம். நல்ல ஆசிரியர் இதைச் சூத்திரமாகச் சொல்லாமல், மாணவருடைய பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்து, எங்கெங்கே குருட்டாம்போக்கில் விட்டார் என்று காட்டிப் புரியவைப்பார்.

2009இல் தேர்வு கணினிக்கு மாறியது. பத்து நாள் நடந்த அந்த முதல் சுற்றில் பல மையங்களில் கணினிகள் தகராறு செய்தன. 2015இல் ஒவ்வொரு பகுதிக்கும் 60 நிமிடம் என்று பூட்டு விழுந்தது; கணக்கில் மிச்சமான நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. கொரோனா ஆண்டான 2020இல் அது 40 நிமிடமாகச் சுருங்கியது. 2024இல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சென்டைல் என்றால் முதல் மூவாயிரத்துக்குள் என்று அர்த்தம். இதில் மதிப்பெண்ணைவிடப் பக்கத்து இருக்கைக்காரர் என்ன எழுதினார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

பயிற்சி வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கண்ணூர்ப் பக்கத்து பைஜு ரவீந்திரன் உதாரணம். பெங்களூரில் நண்பர்களுக்குக் கேட் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர், பிறகு அரங்கங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் வகுப்பெடுத்தார். 2015இல் செயலி வெளியிட்டார். 2024இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அரசாங்கத்தின் கண்ணில் இது கல்வியாகவும் படவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு.

மம்சாபுரம் வட்டாரத்துப் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு வசப்படும் வழி கேட் அல்ல, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். தேர்வு மையம் விருதுநகரிலேயே உண்டு. எம்.பி.ஏ. தாளில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். ஆகவே கேட் கைவிட்ட பழைய வேக வகுப்புக்கு இங்கே இன்னும் மவுசு இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று பல்கலைக்கழகமாக எம்.பி.ஏ. நடத்துவதால், ஊரை விட்டுப் போகாமலே படிக்கவும் வாய்ப்பிருக்கிறது. பாடக்கட்டுக்கும் பேருந்துக்கும் பதிலாகக் கைபேசி வகுப்பு வந்த பிறகு, மதுரைக்கும் மலையடிவாரத்துக்கும் இருந்த எண்பது கிலோமீட்டர் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது.

மிஞ்சி நிற்பது ஆங்கிலம். கணக்கில் தமிழ்வழி மாணவர் சளைப்பதில்லை. தடுமாறுவது, அறிமுகமே இல்லாத விஷயம் பற்றிய நீண்ட ஆங்கிலப் பத்தியைப் படித்து, ஆசிரியரின் கருத்து எது, எடுத்துக்காட்டு எது என்று பிரிக்க வேண்டிய இடத்தில். அதற்கு ஆசிரியர்கள் தரும் மருந்து தலைமுறைகளாக ஒன்றே: தினமும் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம் படிக்க வேண்டும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்ன காலம் போய்விட்டது. தாளில் நேரடியாகச் சொற்பொருள் கேட்கும் கேள்விகள் அருகிவிட்டன. தலையங்கம் பலன் கொடுக்க ஓர் ஆண்டாவது பிடிக்கும். பயிற்சி வகுப்புகளோ பெரும்பாலும் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கையில்தான் தொடங்குகின்றன.