எண்ணெய் விலையும் இரு நகரங்களின் வேலையும்

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்கத் தடை விதித்தபோது, ஏறத்தாழ 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை, 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் பெரிய கார்களையே நம்பியிருந்த டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலைகள், வாங்குவோர் சிறிய கார்களை நாடியதும் ஆட்குறைப்பில் இறங்கின. வேலை தேடியும் கிடைக்காதோர் உழைப்பாளர் தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதைக் காட்டும் வேலையின்மை விகிதம், நாடு முழுவதிலும் 1973 அக்டோபரில் 4.6 ஆக இருந்து, 1975 மே மாதத்தில் 9 ஆயிற்று.

1979 ஈரான் புரட்சியை அடுத்து விலை மீண்டும் இரு மடங்குக்கு மேல் ஏறியது. பணவீக்கத்தை அடக்க உயர்த்தப்பட்ட வட்டி விகிதமும் அதனுடன் சேர்ந்துகொள்ள, டெட்ராய்ட் அமைந்துள்ள மிச்சிகன் மாநிலத்தில் 1982 இறுதியில் வேலையின்மை விகிதம் 16-ஐத் தாண்டியது. அதே விலையேற்றத்தால் செழித்த டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரை நோக்கி மிச்சிகன் தொழிலாளர்கள் குடும்பத்தோடு புறப்பட்டனர். அவர்களுடைய கார்களின் கறுப்பு நம்பர் பிளேட்டை வைத்தே உள்ளூரார் அவர்களை அடையாளம் கண்டு, 'கறுப்புப் பிளேட்காரர்கள்' என்று அழைத்தனர்.

விலை சரியாமல் காக்கத் தன் உற்பத்தியைக் குறைத்துவந்த சவூதி அரேபியா 1985-இல் அம்முயற்சியைக் கைவிட்டதும், 1986-இன் நடுவில் பீப்பாய் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. 1981 இறுதியில் அமெரிக்காவில் 4,500-க்கு மேல் இயங்கிய எண்ணெய்க் கிணறு தோண்டும் இயந்திரங்களில், 1986 ஜூலையில் 663 மட்டுமே எஞ்சின. 1982-க்கும் 1987-க்கும் இடையில் ஹூஸ்டன் இழந்த வேலைகள் 2 லட்சத்துக்கும் அதிகம்.

மலிவான எண்ணெய் டெட்ராய்ட்டின் பழைய வேலைகளையெல்லாம் மீட்டுத் தரவில்லை. 1986-இலும் மிச்சிகனின் வேலையின்மை விகிதம் 8-க்கு மேலேயே நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பொருளாதாரச் சரிவுகளில் ஒன்றைத் தவிர அனைத்துக்கும் முன்னதாக எண்ணெய் விலை ஏறியிருந்ததை 1983-இல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் சுட்டிக்காட்டினார். விலை இறங்கினாலும் வேலை போகும் என்பதை ஹூஸ்டன் உணர்த்தியது. விலை ஒரே நாளில் மாறக்கூடும். கிணறு தோண்டப் பழகிய கைகள் வேறு தொழிலைக் கற்கவும், கடனில் வாங்கிய வீட்டை விற்று வேற்றூர் போகவும் ஆண்டுகள் ஆகும். தவணை கட்ட வழியின்றி வீட்டுச் சாவியைக் கடன் தந்த நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டு வெளியேறிய ஹூஸ்டன் குடும்பங்கள், அந்த இடைவெளிக்கான விலையைத் தங்கள் வாழ்விலிருந்து கொடுத்தன.